இருபத்திரண்டு டயா பீரங்கி

என் கையில் ஒரு வட்ட அட்டை. பனியன் கம்பெனிகளில் பேட்டன், அதாவது துணி வெட்டும் மாதிரி, வெட்டுவதற்கு வைத்திருப்பார்களே, அந்தப் பழுப்பு நிறத் தடித்த அட்டை. குறுக்களவு பதினான்கு அங்குலம். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்கோட்டையின் கொத்தளத்தில் மண்டியிட்டிருக்கிறேன். எதிரே, பீரங்கியின் வாயை நீட்டுவதற்காகச் சுவரில் விடப்பட்ட திறப்பு. அதற்கு அப்பால் சோளக்காடு, ஒரு காற்றாலை, நிறமில்லாத வானம்.

பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். கோட்டைக்குக் காவல் இருக்கும் வள்ளியக்கா. அளவை நேரில் பார்க்க வந்திருக்கும் அதிகாரி. என் அப்பா. ஆடிக் காற்று முதுகுப் பக்கமிருந்து வந்து, என் துப்பட்டாவை எனக்கு முன்பே திறப்புக்குள் அனுப்பிப் பார்க்கிறது.

அந்த அட்டை அந்தத் திறப்புக்குள் போகிறதா என்பதில் வள்ளியக்காவின் வேலை இருந்தது. என் வேலையும் கொஞ்சம் இருந்தது.

ஒரே ஒரு கேள்வி

நான் சிவில் படித்தவள் என்பதைப் போன வாரங்களில் படித்தவர்கள் அறிவார்கள். பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலை. வீடு வேலம்பாளையத்தில். வீட்டை ஒட்டிய ஷெட்டில் அப்பாவின் மூன்று நிட்டிங் மெஷின்கள். அவற்றின் சத்தம் நின்றால்தான் எங்கள் வீட்டில் தூக்கம் கலையும்.

கோட்டையின் பெயரை எழுதவில்லை. வள்ளியக்கா கேட்டுக்கொண்டது. "பேரப் போட்டீங்கன்னா ஞாயித்துக்கெழம பூராம் பிரியாணிப் பொட்டலந்தாங்க பொறுக்கோணும்." ஆகவே இவ்வளவு போதும்: திருப்பூரிலிருந்து இரண்டு மணி நேரம், தனியாகக் கிடக்கும் ஒரு கரட்டுக் குன்றின் மேல்.

எங்களுக்கு வந்த வேலை சின்னது. கிழக்குக் கொத்தளத்தின் தரையில் ஓர் இரும்புப் பீரங்கி கிடந்தது. அதை நகரத்தில் ஓர் அலுவலகத்தின் புல்வெளியில் வைக்க வேண்டும் என்று யாருக்கோ ஆசை. அந்தக் கொத்தளத்துக்கென்றே வந்த பீரங்கி என்றால் அங்கேயே இருக்கலாம். வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தது என்றால் எடுத்துப் போகலாம். எது என்று அளந்து சொல்ல வேண்டும்.

ஒரே கேள்வி. எனக்கு அப்படிப்பட்ட வேலைகள் பிடிக்கும்.

கல் வளைகிற இடம்

கோட்டை என்றதும் எல்லோரும் மதிலைத்தான் நினைப்பார்கள். மதில் பொறுமையானது, நேராகப் போகும். சிந்திப்பது கொத்தளம்தான். மதிலிலிருந்து வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும் அந்த அரைவட்ட மேடைக்கு ஏறினால், மதிலின் இரண்டு பக்கத்தையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம்.

அன்று என் நோட்டில் எழுதியவை:

1. வெளிச்சுவர்: செதுக்கிய கருங்கல். மேலே போகப் போக உள்ளே சாய்கிறது. அடியில் அகலம், தலையில் குறுகல்.

2. உள்ளே நிரப்பியது: உடைகல், மண், சுண்ணாம்பு. குண்டு வந்து விழுந்தால் கல் உடையும். மண் விழுங்கிக்கொள்ளும்.

3. மார்பளவுக் கைப்பிடிச் சுவர்: செங்கல், சுதை. அதில் ஐந்து திறப்புகள். உட்பக்கம் குறுகலாக ஆரம்பித்து வெளியே போகப் போக விரிகின்றன. பீரங்கியின் வாய் இடமும் வலமும் திரும்ப வேண்டும். வெளியிலிருந்து வருவதற்கு வழி கிடைக்கக் கூடாது.

4. தரை: பலகைக்கல். வெளிப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருக்கிறது. சுட்டதும் பின்னால் உதைக்கும் பீரங்கி மேடேற வேண்டியிருக்கும். அந்த மேடே அதை நிறுத்திவிடும். மழைத்தண்ணீரும் அதே சாய்வில் ஓடி, கல் தூம்பு வழியே வெளியே விழும்.

5. நடுவில் ஒரு கல். அதில் உரல் போல ஒரு குழி. பீரங்கியின் வண்டியை இதில் முளையடித்து நிறுத்திச் சுற்றுவார்கள்.

6. வெடிமருந்து அறை: ஜன்னல் இல்லை. விளக்கு வைக்கிற மாடம் அறைக்கு உள்ளே இல்லை. வெளிச்சுவரில், ஒரு சின்னத் துவாரத்துக்கு அந்தப் பக்கம். வெளிச்சம் உள்ளே போகும், நெருப்பு போகாது.

ஆறாவதை எழுதிவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளிச்சத்தையும் நெருப்பையும் பிரித்து வைக்க வேண்டும் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. எண்ணெய்க் கறை இன்னும் அந்த மாடத்தில் இருந்தது. தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை.

நடுக்கல்லில் நின்றால்

நடுக்கல்லின் மேல் ஏறி நின்று மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு திறப்பில் சோளக்காடு. அடுத்ததில் ஏரி. அடுத்ததில் ஊர். பிறகு பனைகள். பிறகு வெறும் வானம். அறிமுகமான ஏதோ ஒன்றுக்குள் நிற்பது போல இருந்தது. எது என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை.

அப்பாவின் மெஷின்.

நிட்டிங் மெஷின் வட்டமானது. நடுவில் உருளை சுற்றும். சுற்றிலும் நூல்கள் நின்ற இடத்திலிருந்தே இறங்கி வந்துகொண்டிருக்கும். சின்ன வயதில் அதனடியில் குனிந்து மேலே பார்ப்பேன். துணி ஒரு குழாயாக, ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத வெள்ளை அருவியாக, என்னை நோக்கி இறங்கும். "தலைய உள்ள வுடாத கண்ணு" என்று அப்பா அந்தச் சத்தத்துக்கு மேல் கத்துவார். எனக்குக் கேட்டதே இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

அந்த வாரம் ஒரு கனவும் வந்தது. கொத்தளம் மெதுவாகச் சுற்றுகிறது. ஐந்து திறப்புகள் வழியாகவும் நூல் வருகிறது; ஒன்றில் சோளத்தின் பச்சை, ஒன்றில் ஏரியின் நிறம். கருங்கல் மேடைக்கு அடியில் மெல்லிய துணி ஒன்று இறங்கி, கரட்டைத் தாண்டி, காட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. எங்கும் விழவில்லை.

ஒத்தக்காதன்

பீரங்கிக்கு இரண்டு பக்கமும் இரண்டு உருளைக் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். வண்டியில் உட்கார வைப்பதற்கு அவைதான் பிடிமானம். ஊரில் அதைக் காது என்கிறார்கள். இதற்கு ஒரு காது உடைந்திருந்தது. அதனால் பெயர் ஒத்தக்காதன்.

யாரோ எப்போதோ அதை வண்டியிலிருந்து இறக்கி, இரண்டு கற்கள்மேல் படுக்க வைத்திருந்தார்கள். வாய், இரண்டு திறப்புகளுக்கு நடுவே உள்ள சுவரை ஒட்டியிருந்தது. வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை சுவரைப் பார்த்து நிற்பது போல. வாய்க்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல்தான் போகும்.

பின்பக்கம் பற்றவைக்கும் துளை. மருந்தை வாய்வழி கொட்டி, கெட்டித்து, குண்டை உருட்டி விட்டு, இந்தத் துளையில் பொடி தூவி நெருப்பைக் காட்ட வேண்டும். இவ்வளவையும் செய்து முடிப்பதற்குள் எதிரே வருபவர் மனம் மாறித் திரும்பிப் போயிருக்கலாம் என்று தோன்றும் எனக்கு.

அந்தத் துளையில் வள்ளியக்கா ஒரு துணித்திரி சொருகியிருந்தார்.

"மழத் தண்ணி எறங்கிருமுங்க. அதுக்குத்தான். உங்கூர்த் துணிதான். பனியன் வேஸ்ட்டு. பஞ்சர் கடைல வாங்கியாந்து தொடைக்கறது, சொருகறது எல்லாம்."

நாற்பது வயது இருக்கும் அவருக்கு. ஒன்பது வருடமாகப் பகல் காவல். பீரங்கிக்குக் காவல் என்றுதான் அவருடைய உத்தரவில் எழுதியிருந்தது. கோட்டைக்கு என்று இல்லை. அதை மடித்து, கைப்பேசி உறைக்குள் வைத்திருந்தார். காட்டினார்.

"இவன் போயிட்டான்னா உத்தரவும் போயிருமுங்க. அப்புறம் மில்லு வேன்தான். காலைல அஞ்சு மணிக்குப் பொட்டியாட்டம் ஒரு வண்டி வரும், ஏறி உக்காரோணும். எனக்கு மூடுன எடத்துல மூச்சு முட்டுமுங்க அம்மிணி. ஒரு தடவ போய்ப் பாத்து, மூணாம் நாளே ஓடியாந்துட்டேன்."

பிறகு பீரங்கியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "இவன் பேசாம கெடப்பான். எனக்கு அது போதும்."

அளந்த நாள்

என்னுடன் வர வேண்டியவர் விடுப்பு. தடிமன் அளக்கும் அலுவலகத்தின் பெரிய காலிப்பர் வேறொரு வேலைக்குப் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஷெட்டுக்கும் விடுமுறை. "நான் வந்து டேப்பப் புடிக்கறேன் வா" என்று அப்பா கிளம்பிவிட்டார். வழியில் இளநீர் குடித்தோம். படிகளில் மூன்று முறை உட்கார்ந்தார். மூன்று முறையும், "கல்ல யாரு மேல கொண்டாந்துருப்பா?" என்று என்னையே கேட்டார்.

கட்டடத்தை இரும்பு டேப்பால் நானே அளந்தேன். பீரங்கிக்கு வளையும் டேப் வேண்டும். பையில் தையல் டேப் இருந்தது. அதை அப்பாவிடம் கொடுத்தேன். நான் திறப்பின் உட்பக்கம் குனிந்திருந்தேன். அங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

"அப்பா, டயா சொல்லுங்க!"

"வாயிலீங்களா மேடம்?" வேலை என்றால் அப்பா என்னை மேடம் என்பார். பின்னால் நின்ற வள்ளியக்கா சிரித்தது கேட்டது.

"வாய், நடு, அடி. மூணும்."

"வாயில இருபத்திரண்டு. நடுவுல இருபத்தாறு. அடியில முப்பது."

எழுதிக்கொண்டேன். டயா, அதாவது குறுக்களவு, 22, 26, 30 அங்குலம். திறப்பின் குறுகலான இடம் இருபது அங்குலம்.

மூன்று நாள் கழித்து மேஜையில் உட்கார்ந்து வரைந்தேன். நீளம் அழகாகப் பொருந்தியது. நடுக்கல்லில் நிறுத்தினால் வாய் திறப்பைத் தாண்டிச் சரியாக ஒரு சாண் வெளியே நீட்டும். நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் நெருப்பு சொந்தச் சுவரைச் சுட்டுவிடும். ஆனால் தடிமன் பொருந்தவில்லை. இருபத்திரண்டு அங்குல வாய் இருபது அங்குலத் திறப்பில் நுழையாது. ஐந்து திறப்புகளும் அதே அளவு.

கண்ணால் பார்த்தவள்தானே நான், தெரிந்திருக்க வேண்டாமா? வேண்டும். அந்தப் பெருவெளியில், புல்லுக்கு நடுவே, வெயிலில் கிடந்த இரும்பு எனக்கு ஏற்கெனவே பெரிதாகத்தான் தெரிந்திருந்தது. எண் அதை உறுதி செய்ததாக எடுத்துக்கொண்டேன். எண்ணை நம்பிவிட்டுக் கண்ணைச் சந்தேகிக்கக் கல்லூரியில் நான்கு வருடம் பழகியிருந்தேன்.

அறிக்கையின் கடைசி வரியை எழுதினேன். இந்தப் பீரங்கி இந்தக் கொத்தளத்துக்கு உரியது அல்ல.

டியூப்பு

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை வள்ளியக்கா அழைத்தார். "வேசாலக்கெழம லாரி வருதாமுங்க அம்மிணி. கிரேனும் வருதாம். சும்மா சொல்லலாம்னுதான் கூப்புட்டனுங்க." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, போனில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, முப்பது டயான்னா டியூப்பாப் படுக்க வெச்சா முப்பதுங்க. வெட்டி விரிச்சீங்கன்னா அறுபது வரும். நீங்க விரிச்ச துணிய அளந்து போட்டு, என்ற மேல பழி போடறீங்களே!"

சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்தேன். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. வெள்ளைக் குழாய் இறங்கி, அடியில் இரண்டு உருளைகளுக்கு நடுவே புகுந்து, தட்டையாகி, சுருண்டுகொண்டிருந்தது. தட்டையாகி.

அவர் போனை வைக்கும்வரை காத்திருந்தேன்.

"அப்பா, அன்னைக்குப் பீரங்கிய எப்படி அளந்தீங்க?"

"எப்படின்னா? டேப்பச் சுத்துனேன். நாப்பத்தி நாலு. பாதி இருபத்திரண்டு."

"பாதி எதுக்கு?"

"டயா கேட்டியே கண்ணு. டியூப்பு டயா படுக்க வெச்சுத்தான அளக்கறது? சுத்துல பாதி."

"அது இரும்புப்பா. படுக்க வெச்சாத் தட்டையாகுமா?"

"உள்ள ஓட்டை இருக்குதல்ல? அப்ப டியூப்புத்தான்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், தப்பாப் போச்சா?"

"மெஷினோட டயாவ இப்படியா அளப்பீங்க?"

"மெஷின் டயா வேற, துணி டயா வேற. நீ கையில துணி டேப்பல்ல குடுத்த!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அது முடிவதற்குள் மனம் கணக்குப் போட்டுவிட்டது. சுற்றளவு நாற்பத்து நான்கை மூன்றே சொச்சத்தால் வகுத்தால் குறுக்களவு பதினான்கு. திறப்பு இருபது. இரண்டு பக்கமும் மும்மூன்று அங்குலம் இடைவெளி. செய்தவர் வேண்டுமென்றே விட்டது போல.

அப்பா மேல் தப்பு இல்லை. டயா என்ற சொல்லை உரக்கச் சொன்னவள் நான்தான். அதை மெஷின் சத்தத்தில் வளர்ந்த காதோடு கேட்டிருக்க வேண்டியவளும் நான்தான். அந்தத் துணி டயா எனக்கும் பால்வாடி வயதிலிருந்தே தெரியும். இரும்பை ஒருவர் துணியாக மடிப்பார் என்று மட்டும் நினைக்கவில்லை.

எங்கள் நிறுவனத்தை நடத்தும் நிர்மலா மேடத்தை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"எழுத்துல அனுப்பு. இப்பவே. காரணத்தோட."

"காரணம்னு என்ன மேடம் எழுதறது?"

"நடந்ததை எழுது. அதைவிட நல்ல பொய் உனக்குத் தோணாது."

எழுதினேன். பனியன் துணியில் டயா என்பது என்ன, பொறியியலில் டயா என்பது என்ன, இரண்டும் என் நோட்டில் எப்படி ஒரே கட்டத்தில் விழுந்தன. ஒரு பக்கம் வந்தது. இதுவரை நான் எழுதியவற்றில் மிகத் தெளிவான பக்கம் அதுதான். புதன்கிழமை பிற்பகல் நேரில் அளந்து காட்டும்படி அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. வியாழக்கிழமை லாரிக்கு முந்தின நாள்.

"டயா சொன்னது நானு. நானும் வாரேன்" என்றார் அப்பா. தெரிந்த கட்டிங் மாஸ்டரிடம் பேட்டன் அட்டை வாங்கி, இரண்டு வட்டங்கள் வெட்டி வைத்திருந்தார். ஒன்று இருபத்திரண்டு. இன்னொன்று பதினான்கு.

மறுபடி, திறப்பின் முன்

அதிகாரி தெற்கத்திக்காரர். படியேறியதில் சட்டை முழுவதும் நனைந்திருந்தது. காலிப்பரை அவரே பீரங்கியின் வாயில் மாட்டி, அவரே படித்தார். பதினான்கு.

"ஏம்மா, அப்ப அன்னைக்கு எழுதுனது பூராம் தப்புங்கியளா?"

"ஆமாங்க சார். தடிமன் மட்டும். என் தப்பு."

"பாதி என் தப்புங்க" என்றார் அப்பா. "பாதின்னா, நெசமாவே பாதி."

அதிகாரி அவரைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. "அந்தப் பெரிய அட்டையக் கொண்டாங்க" என்றார். அதை அவரே திறப்பில் வைத்து அழுத்தினார். இரண்டு பக்கமும் இடித்து நின்றது. வள்ளியக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அவருக்கு எந்த அட்டை எது என்று சொல்ல எனக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை.

"இது தப்பான அளவுங்கக்கா" என்றேன். "சரியானது இதோ."

இப்படித்தான் அந்தச் சின்ன அட்டையோடு மண்டியிட்டேன்.

விளிம்பு தொடாமல் உள்ளே போனது. இரண்டு பக்கமும் மும்மூன்று அங்குல வெளிச்சம். சுவரின் மிகக் குறுகலான இடத்தை அது தாண்டும்போது, அங்கே சுதையில் பழைய புகையின் கறுப்பு படிந்திருப்பதை முதன்முறையாகக் கவனித்தேன். அந்தக் கறுப்பும் ஏறக்குறைய வட்டமாகத்தான் இருந்தது. "சார், இதையும் பாருங்க" என்று சொல்லத் திரும்பினேன்.

அந்த நொடியில் காற்று அட்டையை என் விரல்களிலிருந்து எடுத்துக்கொண்டது.

சத்தமில்லாமல் வெளியே போனது. விரிந்துகொண்டே போகும் அந்தக் கல் வாயைத் தாண்டி, ஒருமுறை புரண்டு, வெயிலைப் பிடித்து, தட்டையாகி, சோளக்காட்டின்மேல் மிதந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு குண்டு போயிருக்காது. நான்கு பேரும் ஆளுக்கொரு திறப்பில் தலையை நீட்டிப் பார்த்தோம். அதிகாரியும்.

"அடேங்கப்பா" என்றார் வள்ளியக்கா. "சுட்டே போட்டீங்களே அம்மிணி!"

அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். புகைக்கறையைத் தன் கைப்பேசியில் இரண்டு படம் எடுத்தார். பிறகு யாரையோ அழைத்து, நாளைக்கு லாரி வேண்டாம் என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்டிருப்பார்கள் போல. "அது பெரிய கதை. துணிக் கதை" என்றார்.

இறங்கும்போது அப்பா ஒரு படியிலும் உட்காரவில்லை.

திருத்திய வரைபடத்தில் பீரங்கியின் வாய்க்கு நேரே பதினான்கு என்று எழுதி, கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்புச் சேர்த்தேன்: "டயா என்பது இங்கே குறுக்களவு, சுற்றளவில் பாதி அல்ல." நிர்மலா மேடம் அதை அடிக்கவில்லை.

மாசக் கடைசியில் வள்ளியக்கா அழைத்தார். பின்னணியில் காற்று. மூடிய இடத்தில் கேட்கவே கேட்காத காற்று.

"உங்க குண்டு கெடச்சிருச்சுங்க அம்மிணி. சோளத்துக்குள்ள கெடந்துச்சு. ஒரு ஓரம் மட்டும் ஆடு கடிச்சுப் போட்டுது."

"வெச்சிருக்கீங்களாக்கா?"

"குடிக்கற தண்ணி அண்டாவுக்கு மூடி போட்டிருக்கறனுங்க. அளவு அளந்தாப்பல இருக்குது."